சிவப்பு வயரும் செஞ்சி விரல்களும்

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நின்று கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஷாலினி. சென்னையில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது பெரிய இன்ஜினியர். நான் ஓய்வு பெற்ற வருஷம்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். நம்ம கண்ணாடி மிஷினோட ட்ராயிங்கைப் பார்த்துட்டு இருக்கேன். சிவப்பு வயர் கருப்பு முனைக்குப் போகுது. கருப்பு வயர் சிவப்பு முனைக்குப் போகுது. தலைகீழா இருக்கே, வேணும்னேதான் இப்படி வரைஞ்சாங்களா?"

சிரிப்பு வந்து ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. கடைக்காரர் பதறிப்போய், "தலையில தட்டிக்கோம்மா, தட்டிக்கோ" என்றார். தட்டிக்கொண்டே சிரித்தேன். ஒரு கேள்விக்கு நடுரோட்டில் இப்படிச் சிரிக்கிற பொம்பளையை அவர் பார்த்திருக்க மாட்டார். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று ஷாலினியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆய்வகத்தில் அத்தனை பேர் இருக்க, ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆனவளை எதற்காகத் தேடிப் பிடித்துக் கேட்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் படிக்கப் போனவள் நான். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு எடுத்தேன். வகுப்பில் ஒரே பெண். முடித்துவிட்டு ஐஸ்கிரீம் பெட்டி ரிப்பேர், ஆஸ்பத்திரி பிரிட்ஜ் ரிப்பேர் என்று நாலைந்து வருஷம் அலைந்தேன். பிறகு சென்னையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அங்கேதான் தேவசகாயம் சாரிடம் மாட்டினேன். மாட்டினேன் என்று சொல்வதுதான் சரி.

சாருக்கு நாகர்கோவில் பக்கம். ஒல்லியாக இருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சென்னை வெயிலிலும் இடது கையில் மட்டும் ஒரு கம்பளி உறை மாட்டியிருப்பார். புதிதாக வருகிறவர்கள் ஏதோ தோல் வியாதி என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். வியாதி எல்லாம் இல்லை. இடது கை ஆள்காட்டி விரல்தான் அவருடைய கருவி. சூடான டீ கிளாஸ், ஐஸ் தண்ணீர், வெயில் பட்ட கார் கதவு எதையும் அந்த விரல் தொடாது. சோதனை என்று வந்தால்தான் உறையைக் கழற்றுவார். ஆபரேஷனுக்கு முன்னால் கத்தியை வெளியே எடுப்பது மாதிரி அவ்வளவு பயபக்தியாகக் கழற்றுவார்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. செல்போன் கண்ணாடியைத் தொட்டால் அது பதில் சொல்லாது. பழைய பட்டனை அழுத்தினால் உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும். கண்ணாடியில் அது கிடையாது. அழுத்தினோமா, விழுந்ததா, சரியான இடமா, ஒன்றும் விளங்காது. படிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் கண்ணாடிக்கு முன்னால் திருதிருவென்று விழிப்பார்கள். அந்தக் கண்ணாடியைச் சூட்டாலும் குளிர்ச்சியாலும் பேச வைக்க வேண்டும் என்பதுதான் சாருடைய ஆசை. சரியான இடத்தைத் தொட்டால் விரலுக்கு அடியில் வெதுவெதுப்பாக வேண்டும். தப்பான இடத்தைத் தொட்டால் சில்லென்று ஆக வேண்டும்.

அதற்கு ஒரு தட்டு இருக்கிறது. வெள்ளையாக, சதுரமாக, கட்டைவிரல் அகலம். பெல்டியர் தட்டு என்பது அதன் பெயர், நாங்கள் பிஸ்கட் என்போம். மின்சாரத்தை ஒரு பக்கமாக விட்டால் பிஸ்கட்டின் மேல்பக்கம் சுடும். வயரை மாற்றிக் கொடுத்தால் அதே மேல்பக்கம் குளிரும். மெல்லிய கண்ணாடிக்குப் பின்னால் பிஸ்கட்டுகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு குட்டி அலுமினியத் தகடும் விசிறியும் வைக்க வேண்டும். ஒட்டுவது, வயர் கொடுப்பது, சோதிப்பது மூன்றும் என் வேலை.

சார் வைத்த முதல் விதி: பிறத்தியார் விரல் படுவதற்கு முன்னால் நம் விரல் பட வேண்டும். புது மிஷினில் முதலில் நான் விரல் வைப்பேன், அடுத்து சார் வைப்பார், பிறகு தாளில் கையெழுத்து. அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள். இரண்டாவது விதி: விரல் வெளியிலிருந்து வெயிலையும் மழையையும் கொண்டு வரும். ஆகவே வருகிறவர்கள் கை கழுவித் துடைத்து, முப்பத்திரண்டு டிகிரியில் இருக்கும் ஒரு தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். மூன்றாவது விதி: சூடு என்றால் என்ன அர்த்தம், குளிர் என்றால் என்ன அர்த்தம் என்று வருகிறவர்களிடம் மூச்சு விடக் கூடாது. "சொல்லிக் குடுத்தா அது பாடம். சொல்லாமலே புரியணும், அதுதான் மிஷின்" என்பார்.

எனக்கும் பாடம் நடந்தது. ஏழு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைப்பார். ஒன்றுக்கு ஒன்று ஒரு டிகிரி வித்தியாசம். கலைத்து வைத்ததை நான் விரலால் தொட்டே வரிசைப்படுத்த வேண்டும். ஆறு மாசம் தப்புத் தப்பாக வைத்தேன். ஒருநாள் ஏழும் சரியாக அமைந்தது. துள்ளிக் குதிக்காத குறை. சார் தெர்மாமீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, "அடுத்தது" என்றார். அவ்வளவுதான். நன்று, சபாஷ், பரவாயில்லை, எதுவும் அவர் வாயில் வராது. நல்லது செய்தாலும் "அடுத்தது", கெட்டது செய்தாலும் "அடுத்தது". பிறகு எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறிய காப்பியைச் சூடு என்று சொல்லி என் வீட்டுக்காரர் என்னை ஏமாற்றிய காலமும் அதோடு முடிந்தது.

பன்னிரண்டு வருஷம் இப்படி ஓடியது. கடைசியில் மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. ஆய்வகத்துக்கு வெளியே, நிஜமான ஜனங்களை வைத்துச் சோதித்துக் காட்டுங்கள். டெல்லியிலிருந்து மூன்று பேர் குழு வரும். அவர்களுக்குத் திருப்தி என்றால் வேலை தொடரும். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மிஷின்கள் பரணுக்குப் போகும், சார் முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போவார். அவருடைய பன்னிரண்டு வருஷமும் மூன்றே நாளில் நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

எந்த ஊரில் வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எழுந்து, "எங்க ஊர்ல வைங்க சார். செஞ்சி ஜனங்க தங்கமானவங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

கத்திரி வெயில். முகூர்த்தம் இல்லாத மூன்று நாள் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை எடுத்தோம். நீளமான கல் மேஜைகளில் ஆறு மிஷின்கள். பயிர் உதவி விண்ணப்பம் மாதிரி ஒன்று திரையில் வரும். நெல், மணிலா என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, கரும்பு என்று படங்கள் இருக்கும். வருகிறவர் ஊரையும் பயிரையும் முதலில் எங்களிடம் சொல்லிவிடுவார், மிஷினில் அதைப் போட்டு வைப்போம். பிறகு அவரே படத்தைத் தொட்டு நிரப்ப வேண்டும். சரியாகத் தொட்டால் வெதுவெதுப்பு, தப்பென்றால் சில்லிப்பு.

முதல் நாள் காலை பத்து மணிக்கே வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் ஜனங்கள் வந்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டால் எங்கள் ஊரார் என்ன நினைப்பார்கள்? கை கழுவச் சொன்னோம். கழுவிவிட்டு நேராக மேஜையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர், "இலை இன்னும் போடலியா?" என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அறுபது பொட்டலம் புளிசாதத்துக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் ஆள் வல்லத்துப் பெரியவர். மணிலா போட்டிருக்கிறவர். அழகாக மணிலாப் படத்தைத் தொட்டார். கண்ணாடி வெதுவெதுப்பானது. அவ்வளவுதான், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயய்யோ! இன்னாம்மா இது, சுடுது! தப்பா தொட்டுட்டனா?"

விதி இருக்கிறதே, நான் வாயைத் திறக்கவில்லை. அவர் நெல்லைத் தொட்டார். சில்லென்றது. முகம் மலர்ந்துவிட்டது. சந்தேகத்துக்குக் கரும்பையும் தொட்டார். அதுவும் சில். "ஆங், குளுந்துடுச்சி. செரியாப் போச்சி" என்று கரும்பை உறுதி செய்துவிட்டு எழுந்தார். அவர் குடும்பத்தில் யாரும் கரும்பு பயிரிட்டதே இல்லை.

அடுத்தவரும் அப்படியே. அதற்கு அடுத்தவரும் அப்படியே. கரும்புப் படம் பெரிதாக, பச்சையாக, நடுவில் இருந்தது வேறு. மத்தியானத்துக்குள் செஞ்சி வட்டாரமே கரும்புக் காடாகிவிட்டது. டீ மாஸ்டர் ஒருவர் வந்தார். நாள் முழுக்கக் கொதிக்கிற கிளாஸைத் தூக்குகிற விரல். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, "இன்னாம்மா, கரண்ட்டே இல்லாத டிவியை வெச்சிக்கினு பூச்சி காட்டறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். பல்வலிக்காரம்மா ஒருவர் தப்பான இடமாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டு, குளிர்ந்ததும் கன்னத்தை அதில் ஒட்ட வைத்துக்கொண்டார். எழுப்பவே முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாருக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவுகளைப் பார்த்தார். கிட்டத்தட்ட அத்தனையும் தலைகீழ். நேராக என்னிடம் வந்தார்.

"அஞ்சலை, வயரை மாத்திக் குடுத்துட்டீங்க."

என் ஊர்க்காரர்கள் அறுபது பேர் புளிசாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால். இத்தனை வருஷத்தில் ஒரு வயரை மாற்றி மாட்டியவள் இல்லை நான். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. கோபத்தில் விருட்டென்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஒரு மிஷினுக்கு நாலு ஸ்க்ரூ, ஆறு மிஷினையும் திறந்து மல்லாத்தினேன். மீட்டர் வைத்துக் காட்டினேன். சிவப்பு சிவப்பில், கருப்பு கருப்பில்.

சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அப்போ மிஷின் சரி. ஜனங்கதான் தப்பு" என்றார். குரலில் உயிர் இல்லை. கம்பளி உறை போட்ட கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய் நின்றார். என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது. டெல்லிக்காரர்கள் மறுநாள் காலை திண்டிவனத்தில் இறங்குகிறார்கள்.

அப்போதுதான் குப்பம்மா வந்தாள். சிங்கவரத்தில் எங்கள் தெரு. சின்ன வயசில் என்னோடு சேர்ந்து மணிலா ஆய்ந்தவள். பொட்டலத்தை மடித்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் அஞ்சல, உன் மிஷினுக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்? தொட்டா சுடுதே."

"தப்பெல்லாம் இல்ல, குப்பு."

"தப்பு இல்லாம ஏன் சுடணும்? கோவம் வந்தாதானே சுடும். ஆடி மாசம் ஆத்தாளுக்கே கூழு ஊத்தி, மஞ்சத் தண்ணி ஊத்தி குளுர வெக்கிறோம். அவ குளுந்தாதான் ஊரு நல்லா இருக்கும். சூடானா நல்லதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

யார் சொன்னது? சார் படித்த கட்டுரைகள் சொன்னன. பனி கொட்டுகிற ஊர்களில் எழுதியவை. சரி, அவர்களுக்குத் தெரியாது. எனக்குமா தெரியாது? கத்திரியில் செஞ்சி மலைப்பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியில் ஊருக்குள் விடுமே, அதில் வளர்ந்தவள்தானே நான்! ஆனால் எங்கள் ஆய்வகம் வருஷம் பூராவும் ஏசி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே வெதுவெதுப்பு என்றால் சுகம்தான். ஏசியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் விரல் வெளியூர்க்காரியாகிவிட்டது. இவ்வளவு பெரிய விஷயத்தைப் பன்னிரண்டு வருஷமாக நானும் கவனிக்கவில்லை, சாரும் கவனிக்கவில்லை.

சாரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் முழுதாகக் காதில் வாங்கவில்லை. "திட்டத்துல எழுதினது எழுதினதுதான் அஞ்சலை. கடைசி நேரத்துல மாத்தப்பிடாது" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் குழுவை அழைத்துவரத் திண்டிவனம் கிளம்பினார். நான் மண்டபத்துக்குப் போனேன். சாமான் கழுவுகிற அம்மாவைத் தவிர யாரும் இல்லை. ஆறு மிஷினையும் மறுபடியும் திறந்தேன். சிவப்பைக் கழற்றிக் கருப்பில் மாட்டினேன், கருப்பைக் கழற்றிச் சிவப்பில் மாட்டினேன். எந்தப் பக்கம் அளவு மீறினாலும் மின்சாரத்தை நிறுத்துகிற பூட்டு தனியாக இருந்தது, அதையும் ஒருமுறை சோதித்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் என் விரலை வைத்துப் பார்த்தேன். சார் விரல் வைக்க வேண்டிய கட்டம் தாளில் காலியாகவே இருந்தது. ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு குதூகலம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவள் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டே ஸ்க்ரூ முடுக்கினேன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. டெல்லிக்காரர்கள் மூன்று பேரும் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்கள். காரில் ஏசி வேலை செய்யவில்லையாம். அந்த டிரைவருக்குக் கோயில் கட்டலாம்.

முதல் நாள் வராத புது ஆட்களாகப் பார்த்து உட்கார வைத்திருந்தோம். ஒரு நடுவயசுப் பெண், நெல் போட்டிருக்கிறவள், நெல்லைத் தொட்டாள். சில்லென்றது. "ம், குளுந்துடுச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்ததுக்குப் போனாள். இரண்டாவது கேள்வியில் தப்பான இடத்தைத் தொட்டாள். சுட்டது. "ஆத்தாடி" என்று சரியானதைத் தேடித் தொட்டாள். மறுபடியும் சில். அவளுக்கு அடுத்தவர், அதற்கு அடுத்தவர், எல்லாரும் விறுவிறுவென்று முடித்தார்கள். நேற்றைக்கு முளைத்த கரும்புக் காடு ஒரே நாளில் காணாமல் போய்விட்டது.

சார் பேயறைந்தது மாதிரி நின்றார். மெதுவாகக் கம்பளி உறையைக் கழற்றினார். காலியாக இருந்த மிஷினில் சரியான இடத்தைத் தொட்டார். கண்ணை மூடினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு மண்டபத்தின் பின்வாசல் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்தது.

குழுத் தலைவர் உயரமான மனிதர். அவரும் ஒரு மிஷினில் விரலை வைத்தார். சில்லென்றதும் வேர்த்த முகத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் ஆள் கெட்டிக்காரர். கையிலிருந்த தாளைப் புரட்டி, "சரி என்றால் சூடு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே சரி என்றால் குளிர்கிறதே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டெக்னீஷியன் தப்பாக மாட்டிவிட்டாள் என்று சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தலை தப்பிக்கும். திட்டத்தை மீறி மாட்டியது நான் என்பதும் உண்மைதான்.

சார் சொன்னார்: "வயரை மாற்றியது அஞ்சலை. இது அவங்க ஊர். காரணத்தை அவங்களே சொல்வாங்க, நான் மொழிபெயர்க்கிறேன்."

எங்கிருந்துதான் வந்ததோ, கூழ் ஊற்றுவதில் ஆரம்பித்து, வயிறு குளிர்வது, கண் குளிர்வது, சூடு போடுவது, மலைப்பாறை, ஏசி, ஸ்வெட்டர், எல்லாவற்றையும் கொட்டினேன். சார் வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். நடுவே, வேடிக்கை பார்க்க வந்திருந்த குப்பம்மா வேறு எழுந்து, "ஐயா, இந்த வெயில்ல உங்களுக்கு சுடுதண்ணி குடுத்தா நல்லா இருக்குமா, மோரு குடுத்தா நல்லா இருக்குமா?" என்றாள். சார் அதையும் அப்படியே மொழிபெயர்த்தார். தலைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மோர் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. மூன்று டம்ளர் குடித்தார். வேலை தொடரட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கார் போனதும் சாரிடம் ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன். அவர் சோதனைத் தாளை எடுத்து நீட்டினார்.

"என் விரல் வைக்காம ஜனங்களைத் தொட விட்டிருக்கீங்க. விதி மீறல். ஆறு மிஷினையும் முதல்ல இருந்து செய்யணும்."

ஆறையும் செய்தோம். நான் விரல் வைக்க, அவர் விரல் வைக்க, கையெழுத்துப் போட, "அடுத்தது." நான் விரல் வைக்க, அவர் விரல் வைக்க, "அடுத்தது." ஆறாவது முடிந்ததும் பழக்கத்தில் "அடுத்தது" என்றார். அடுத்தது எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆனால் அறுபது பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது மட்டும் ஒரு முள்ளாக உள்ளே கிடந்தது, நான் ஓய்வு பெற்ற பிறகும்.

இவ்வளவையும் ஷாலினியிடம் சொல்லி முடித்தேன்.

"அதனாலதான் இப்படி எழுதியிருக்காரா?" என்றாள்.

"எப்படி?"

"ட்ராயிங் மூலையில பேனாவால எழுதியிருக்கு மேடம். சார் கையெழுத்துப் போட்டு, அந்த மண்டபத்துல சோதனை நடந்த அன்னிக்குத் தேதியும் போட்டிருக்கார். படிக்கட்டுமா? 'செஞ்சி முறை. இது பிழை அன்று. முதலில் பிழை என்று நினைத்தது என் பிழை. அஞ்சலையைக் கேட்காமல் யாரும் இதை மாற்றக் கூடாது.' அதான் மேடம் உங்களைத் தேடிப் பிடிச்சுக் கேக்கறேன். மாத்தலாமா?"

நான் அழுதேன். வெட்கம் எதுக்கு, நன்றாகவே அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். ஷாலினி பயந்துபோய், "மேடம், மேடம்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு மாத்தணும்ங்கறே? மிஷின் எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டேன்.

"ஊட்டிக்கு மேடம். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வைக்கப் போறோம்."

குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிற நோயாளிக்கு ஐஸ் மாதிரி கண்ணாடி! சரியான இடத்தைத் தொட்டவர்கள் எல்லாம் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே எந்தக் காடு முளைக்குமோ என்று நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்து, ஷாலினி. தாராளமா மாத்து. முதல்ல உன் விரல வெச்சிப் பாரு. அப்புறம் அங்க போயி, அந்த ஊர்க்காரங்க விரல வெக்கச் சொல்லிப் பாரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாத."

"சரி மேடம். ட்ராயிங்ல என்ன எழுதட்டும்?"

"ஊட்டி முறைன்னு எழுது. உன்னைக் கேக்காம யாரும் மாத்தக் கூடாதுன்னு கீழ உன் பேரப் போடு."

"சரி மேடம்... அப்புறம்?"

"அடுத்தது" என்றேன்.